கடன் முடிந்தது, பாலிசியும் முடிந்தது: வாடகைக்கு வீடு கட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2025 ஜனவரி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் கேட்டது, "வீட்டு இன்சூரன்ஸ் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று. பத்து நிமிடத்தில் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். இன்னொன்றும் சொன்னேன். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கிடையாது, எந்தக் கம்பெனிக்கும் ஆள் பிடிக்க வரவில்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் கடன் பிரிவு. வீட்டுக் கடன் பைலில் பாலிசியைக் கோத்து வைப்பது, புதுப்பிக்க வேண்டிய தேதியை டைரியில் குறிப்பது, தேதி நெருங்கினால் வாடிக்கையாளருக்குக் கடிதம் போடுவது, இதெல்லாம் என் மேஜை வேலை. எத்தனையோ பேர் வீட்டுக்கு நாள் தவறாமல் பாலிசி புதுப்பித்துக் கொடுத்தவன், சொந்த வீட்டுக்குக் கோட்டை விட்டேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2004-இல் திருநெல்வேலி சந்திப்புக்குப் பக்கம், சிந்துபூந்துறையில் ஒரு பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டுக் கீழே ஒன்று மேலே ஒன்றாக இரண்டு வீடு கட்டினேன். வங்கி ஊழியர் கடன். ஓய்வுக்குப் பிறகு ராதாபுரத்துக்கே வந்துவிடுவோம், அந்த வாடகை பென்ஷனோடு சேர்ந்து வரும் என்பது கணக்கு. ஆறு பக்கத்தில் இருக்கிறதே என்ற பயம் இருந்தது. ஆகவே வாங்குவதற்கு முன் அந்தத் தெருவில் வயசாளிகள் நாலைந்து பேரிடம், "1992 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்டேன். வாசல்படியைக் காட்டினார்கள். நான் அதற்கு மேல் இரண்டடி பேஸ்மட்டம் உயர்த்திக் கட்டினேன். கொத்தனார்கூட "இவ்வளவு எதுக்கு சார், மணல் செலவு" என்றார். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

2019-இல் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடனை அடைத்தேன். பத்திரங்களை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே நெல்லையப்பர் கோவிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். கடன் இருந்த வரைக்கும் பாலிசியை வங்கி பார்த்துக்கொண்டது. பிரீமியத்தை என் கணக்கில் பற்று எழுதிப் புதுப்பித்தார்கள். கடன் முடிந்ததும் அவர்களுக்கு அந்த வீட்டோடு சம்பந்தம் முடிந்துவிட்டது. அந்த வருஷம் பாலிசி காலாவதியானபோது கடிதம் போட யாரும் இல்லை. கடிதம் போடுகிற வேலையை அத்தனை வருஷம் பார்த்த எனக்கே ஞாபகம் வரவில்லை. வங்கியைச் சொல்லிக் குற்றமில்லை.

பிறகு 2023 டிசம்பர் 17, 18. உங்கள் எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் குளமாகிவிட்டது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர். என் வீட்டில் நான் உயர்த்திய இரண்டடியைத் தாண்டி, உள்ளே இன்னும் இரண்டரை அடி நின்றது.

கீழ் வீட்டில் ஒரு டீச்சரம்மா குடும்பம். மேல் வீட்டுக்காரர்கள் அவர்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த சேலைகளையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளையும் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், நீங்க பேங்க்ல இருந்தவங்க, இன்சூரன்ஸ் எல்லாம் கரெக்டா வச்சிருப்பீங்க, எங்க ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு ஏதாவது கிடைக்குமா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று, பாலிசியே இல்லை. இரண்டாவது, நான் ஒழுங்காகப் பாலிசி வைத்திருந்தாலும் அவர் சாமானுக்கு அதில் ஒரு ரூபாய் கிடைத்திருக்காது. வீட்டுக்காரர் பாலிசி வீட்டுக்காரர் சொத்துக்கு. குடியிருப்பவர் சாமானுக்குக் குடியிருப்பவரேதான் பாலிசி எடுக்க வேண்டும். இதை என் மேஜையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அந்த அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அரசு கடும் பாதிப்புப் பகுதிகளுக்கு ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. அதுதான் அவர்களுக்குக் கிடைத்தது. எனக்குக் கதவு, தரை, வயரிங், பெயின்ட் என்று 1,85,000 ரூபாய் கைக்காசு. நாலு மாதம் வாடகையும் போயிற்று. விட்டுப்போன பாலிசிக்கு வருஷ பிரீமியம் இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான் வந்திருக்கும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "எங்க வீட்டுக்கு லோன் போடும்போதே இன்சூரன்ஸ் பிடிச்சுட்டாங்களே" என்று சொல்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது ஆயுள் காப்பீடு. கடன் வாங்கியவர் இடையில் காலமாகிவிட்டால் மீதிக் கடனைக் கட்டுவதற்கான பாலிசி. ஒரே தடவை பிரீமியமாக ஐம்பதாயிரம், எழுபதாயிரம் என்று கடனோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். நல்லதுதான், குடும்பம் வீட்டை இழக்காது. ஆனால் வீடு இடிந்தாலோ எரிந்தாலோ அது ஒரு செங்கல்லுக்கும் பணம் தராது. வீட்டுக்கான பாலிசி வேறு. அது இருந்தாலும், கடன் பாக்கி உள்ளவரை இழப்பீட்டுப் பணத்தில் முதல் உரிமை வங்கிக்கு. அதற்கென்று ஒரு வாசகம் பாலிசியில் இருக்கும். ஆகவே கடன் தொகைக்கு மட்டும் வீட்டை இன்சூர் செய்திருந்தால், வீடு முழுசாகப் போன அன்றைக்கு வங்கிக் கணக்கு நேராகும், உங்கள் கை காலியாகும்.

இங்கே ராதாபுரத்தைச் சுற்றி யார் வாடகை வீடு கட்டுகிறார்கள்? வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், மும்பையில் கடை வைத்திருக்கிறவர்கள், ஓய்வுப் பணத்தை என்ன செய்வது என்று தெரியாத என்னைப் போன்றவர்கள். குடிவருகிறவர்கள் பெரும்பாலும் கூடங்குளத்தை நம்பி வருகிறவர்கள். அங்கே முதல் இரண்டு உலைகள் ஓடுகின்றன. மூன்றிலிருந்து ஆறு வரை கட்டுமானம் நடக்கிறது. ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் 2021-இல்தான் கான்கிரீட் போடத் தொடங்கினார்கள். அதனால் இன்றைக்கு இங்கிருந்து அஞ்சுகிராமம் வரை, வள்ளியூர் வரை வாடகைக்கு ஆள் இருக்கிறது. கட்டுமானத்துக்கு வருகிறவர்கள் கட்டுமானம் முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். நிலையத்தின் நிரந்தர ஊழியர்களுக்குச் செட்டிகுளத்தில் சொந்தக் குடியிருப்பு இருக்கிறது. உங்கள் வீட்டுக் கடனோ 15 வருஷம், 20 வருஷம்.

வீடு காலியாகக் கிடப்பதற்கு எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் தராது. "வாடகை இழப்பும் பாலிசியில் சேர்த்தி" என்று ஏஜென்ட் சொல்வார். உண்மைதான். தீ, வெள்ளம் போன்ற பாலிசியில் சொன்ன சேதத்தால் வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், அந்தக் காலத்து வாடகை கிடைக்கும். ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடந்தால் கிடைக்காது.

ஒரு கணக்குப் போடுகிறேன், பழக்க தோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் 5 லட்சம், இரண்டு சின்ன வீடு கட்ட 18 லட்சம், ஆக 23 லட்சம். வீட்டுக்கு 6,500 வீதம் மாதம் 13,000, வருஷத்துக்கு 1,56,000. ஒரு வீடு இரண்டு மாதம் காலி என்றால் 13,000 போயிற்று. வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு என்று 15,000. மிச்சம் 1,28,000. அது ஐந்தரை சதவீதம். டெபாசிட்டில் போட்டால் இதைவிடக் கூடுதல் வரும். இதையே வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்தால்? "இடம் விலை ஏறுமே" என்பீர்கள். ஏறட்டும். ஆனால் ஏறப்போகிற விலையை இன்றைக்கே லாபத்தில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றைக்கே ஒதுக்கு என்றுதான் எங்களுக்குக் கணக்கியலில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே வருஷத்தில் இரண்டு மாத வாடகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வீடு காலியாகக் கிடப்பதற்கு நமக்கு நாமே எடுத்துக்கொள்ளும் பாலிசி அது.

அடுத்தது, கட்டும் காலம். வீட்டுக்கு மிக ஆபத்தான காலம் இதுதான். வீட்டு பாலிசி எடுப்பவர்கள் பால் காய்ச்சிய பிறகுதான் எடுக்கிறார்கள், அதற்கு முந்தின எட்டு மாதம், பத்து மாதம் வெறும் தெய்வ நம்பிக்கை. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் (பெயர் வேண்டாம், இந்தப் பக்கம்தான்) மாடித் தளத்துக்கு சென்ட்ரிங் அடிக்கும்போது ஒரு பையன் தவறி விழுந்துவிட்டான். வயது முப்பது. பிழைக்கவில்லை. மேஸ்திரிக்கு மொத்தமாகப் பேசி விட்ட வேலை, ஆகவே நமக்குப் பொறுப்பில்லை என்று வீட்டுக்காரர் நினைத்தார். மேஸ்திரியோ மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை. பையனின் மனைவி கைக்குழந்தையோடு வந்து இந்தக் கட்டாத வீட்டு வாசலில்தான் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவாள்?

சட்டப்படி என்ன தொகை வரும் என்று பாருங்கள். 1923-ஆம் வருஷத்துச் சட்டம், பின்னாளில் அதன் பெயர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், அதில் இருந்த கணக்கு இது. மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் 15,000 வரைக்கும்தான் அந்தச் சட்டத்தில் கணக்கில் எடுத்தார்கள், 2020-லிருந்து அப்படி. பாதி 7,500. முப்பது வயதுக்கான எண் 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டுகிறவர் வேறு, கட்டி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் வேறு. தொழிலாகச் செய்கிறவர் ஒப்பந்தக்காரரைக் காட்டித் தப்பிக்க முடியாது. முதலீட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகிறவர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பது வழக்கு வந்தால்தான் தெரியும். அந்தச் சோதனையை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

இதற்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இருக்கிறது, டபிள்யூ.சி. பாலிசி என்பார்கள். எத்தனை ஆள், எவ்வளவு கூலி, எத்தனை மாதம் என்பதை வைத்து பிரீமியம் போடுவார்கள். மேஸ்திரியிடம் ஒப்பந்தம் எழுதும்போதே அந்த பாலிசி நகல் கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ் என்று சொல்லுங்கள். "அதெல்லாம் நம்ம ஊர்ல யார் சார் கேக்காங்க" என்பார். அப்படியானால் நீங்களே எடுத்துவிடுங்கள், தொகையைக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள். கூடவே, கொத்தனாரும் சித்தாளும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த அட்டை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிளான் அனுமதி வாங்கும்போது நாம் கட்டுகிற ஒரு சதவீத நல நிதி அந்த வாரியத்துக்குத்தான் போகிறது. அட்டை இல்லாத குடும்பத்துக்கு அதன் உதவிகள் கிடைப்பது கஷ்டம். பையனிடம் அட்டை இல்லை.

கட்டிடத்துக்கே கட்டும் காலத்தில் எடுக்கும் பாலிசி ஒன்று உண்டு. கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் என்று பெயர். வானம் தோண்டிய குழியில் வெள்ளம் புகுந்தாலும், போட்ட தளம் காற்று மழையில் சரிந்தாலும், குவித்து வைத்த கம்பி களவு போனாலும், பக்கத்து வீட்டுச் சுவர் நம்மால் இடிந்தாலும் இதில் வரும். தொகை குறிக்கும்போது கஞ்சத்தனம் கூடாது. 30 லட்சம் பெறும் வேலைக்கு 15 லட்சம் மட்டும் எழுதி, 6 லட்சம் சேதமானால், 6 லட்சம் தரமாட்டார்கள். பாதிக்குத்தானே இன்சூர் செய்தாய், மீதிப் பாதிக்கு நீயே பொறுப்பு என்று 3 லட்சம்தான் தருவார்கள். நீங்களே வாங்கிக் கொடுக்கும் சிமெண்ட், கம்பி விலையும் அந்தத் தொகையில் சேர வேண்டும்.

ஆல் ரிஸ்க் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வரைபடமே தப்பு என்றால் அதில் வராது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் தேதி கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பக்கத்தில் இருந்த ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதில் பணம் போட்டவர்கள் பலரும் நம்மைப் போல முதலீடு என்று நினைத்தவர்கள்தான். நாம் பதினோரு மாடி கட்டப்போவதில்லை. ஆனால் "பக்கத்து வீட்டு பிளானையே போட்ருவோம்" என்கிறோமே, அதுவும் அதே ஜாதித் தப்புதான். மண் பரிசோதனைக்கும் ஒரு என்ஜினீயர் கையெழுத்துக்கும் ஆகிற செலவு மொத்தத்தில் தெரியாது.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்று, தண்ணீர். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் குடிக்க மாட்டோம், ஆனால் கான்கிரீட்டில் ஊற்றிவிடுவோம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரக் குறியீடு. தாண்டினால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து, எட்டு பத்து வருஷத்தில் தளம் பெயர்ந்து விழும். அரிப்பு, ஈரக்கசிவு, கரையான், நாள்பட்ட தேய்மானம், இவற்றுக்கு எந்த வீட்டு பாலிசியிலும் பணம் கிடையாது. டேங்கர் தண்ணீர் வாங்கிக் கட்டுவதுதான் இதற்கு இன்சூரன்ஸ்.

வீடு முடிந்ததும் எடுக்க வேண்டிய பாலிசிக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்று பெயர். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் இதே வாசகத்தில் இதைத் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியது. முன்பு கம்பெனிக்குக் கம்பெனி சின்ன எழுத்தைப் படித்தே கண் போகும். இப்போது ஒரு பாலிசியைப் புரிந்துகொண்டால் போதும். தீ, இடி, வெள்ளம், புயல், சுனாமி, நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி வெடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. ஆடிக் காற்றில் மொட்டை மாடித் தகர ஷெட் பறப்பதையும், 2017-இல் ஒக்கி வந்ததையும் பார்த்த நமக்குப் புயல் காப்பு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஏவுகணைச் சோதனையால் வரும் சேதம்கூடப் பட்டியலில் இருக்கிறது. மகேந்திரகிரிக்கு இது பொருந்துமா என்று ஒரு தம்பி போனவாரம் கேட்டார். அங்கே சோதிப்பது ராக்கெட் என்ஜின், ஏவுகணை இல்லை தம்பி.

அணுக்கதிர்வீச்சு இந்த பாலிசியில் கிடையாது. உலகம் முழுக்க வீட்டு பாலிசிகளில் அப்படித்தான். கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு மட்டும் விலக்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒன்று நடந்தால் இழப்பீடு நிலையத்தை நடத்துகிறவர் மூலம் வர வேண்டியது.

தொகை குறிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இடத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. வெள்ளம் வந்தாலும் இடம் அங்கேயேதான் இருக்கும். தரைப்பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும், 2010-இல் கட்டிய செலவால் அல்ல. நான் முன்னே சொன்ன "பாதிக்கு இன்சூர் செய்தால் பாதிதான்" என்ற விதி இந்த பாலிசியில் விலக்கப்பட்டிருக்கிறது. கட்டிடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, வீட்டுக்காரரின் பொதுவான சாமான்களுக்குத் தனியாகக் கேட்காமலே கிடைக்கும். வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்பதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். கீழ்ப்பகுதியைக் கடைக்கோ குடோனுக்கோ விட்டால் கட்டாயம் சொல்ல வேண்டும், அது வீட்டு பாலிசிக்குள் வராது. பிள்ளைகள் துபாயில், வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது என்றாலும் எழுத்தில் தெரிவித்து, காப்பு தொடர்கிறது என்று எழுத்திலேயே வாங்கி வையுங்கள். பழைய தீ பாலிசியில் முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பே நின்றுபோகும் என்று இருந்தது.

பிள்ளைகள் என்றதும் ஞாபகம் வருகிறது. இடம் அப்பா பெயரில், பணம் மகன் அனுப்பியது, பாலிசி மகன் பெயரில். இது நம் ஊரில் சர்வசாதாரணம். சொத்தில் உரிமையோ நஷ்டமோ உள்ளவர்தான் அதற்குக் காப்பீடு எடுக்க முடியும் என்பது பி.காம். இரண்டாம் வருஷப் பாடம். பட்டாவும் பத்திரமும் அப்பா பெயரில் இருந்தால் பாலிசியும் அவர் பெயரில் எடுங்கள், அல்லது இருவர் பெயரிலும் எடுங்கள். அப்பா காலமாகிவிட்டால், பாகப்பிரிவினை வரைக்கும் காத்திருக்காமல் வாரிசுகள் கம்பெனிக்கு உடனே எழுதுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று கொடுத்தால் ஆன்லைனில் உடனே அனுமதி வந்துவிடுகிறது. வசதிதான். ஆனால் சரிபார்க்கும் வேலை முழுக்க நம் தலையில் வந்துவிட்டது என்பதையும் பாருங்கள். வில்லங்கம், பட்டா பார்த்தால் மட்டும் போதாது, எஃப்.எம்.பி. வரைபடத்தில் ஓடையோ குளத்துப் புறம்போக்கோ குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். நம் குளங்கள் வருஷக்கணக்கில் வறண்டு கிடக்கின்றன, ஓடை எது வயல் எது என்று அடையாளமே தெரியவில்லை. "ராதாபுரத்துல என்ன சார் வெள்ளம்" என்று கேட்பார்கள். 2023-இல் மூலைக்கரைப்பட்டியில் 60 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அது என்ன ஈரமான ஊரா? குளத்தில் கட்டிய வீட்டை அரசு இடித்தால் அதற்கும் பாலிசியில் பணம் இல்லை.

சேதம் வந்த அன்றைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் கரண்ட் மெயினை நிறுத்துங்கள். கழுவித் துடைப்பதற்கு முன் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லி எண் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் வரை கெட்டுப்போன மோட்டாரையும் கதவையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ரிப்பேர் ரசீது ஒவ்வொன்றையும் வையுங்கள். கம்பெனி மறுத்தாலோ குறைத்தாலோ சென்னையில் காப்பீட்டு ஓம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது, கம்பெனியின் பதில் வந்து ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. பாலிசி நகலை வீட்டு பீரோவில் மட்டும் வைக்காதீர்கள். டீச்சரம்மா பிள்ளைகளின் சர்டிபிகேட் கதை தெரியும் அல்லவா, ஒரு நகலைப் போனில் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ அனுப்பி வையுங்கள்.

சிந்துபூந்துறை வீட்டுக்கு 2024 ஜனவரியில் பாலிசி எடுத்துவிட்டேன், இந்த மாதம் புதுப்பித்தும் ஆயிற்று. டீச்சரம்மா குடும்பம் காலி செய்யவில்லை. கேட்டதற்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் பக்கம் என்றார். அவர்கள் சாமானுக்கும் தனியாக ஒரு பாலிசி எடுக்க வைத்தேன், முதல் வருஷ பிரீமியம் நான் கட்டினேன், இந்த வருஷம் அவரே கட்டிவிட்டார்.

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்களிடம் இருக்கும் பாலிசி ஆயுளுக்கா வீட்டுக்கா என்று சந்தேகம் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், கண்ணாடியும் தயார். கட்டப்போகிறவர்கள் மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள்.